ஒயில் குறைந்து ஓடிய எல்ஃப் லொறி: நடுக்கத்துக்கு ஒரு காரணம், தட்டுச் சத்தத்துக்கு இன்னொன்று

வண்டி பழைய இசுசு எல்ஃப். உள்ளே 4ஜேபி1 டீசல் என்ஜின்: நாலு சிலிண்டர், 2771 சீ.சீ., டர்போ இல்லை. டைமிங் பெல்ட்டும் இல்லை, எல்லாம் கியர். வால்வுகளைப் புஷ் ரொட்டும் (கீழிருந்து தள்ளும் கம்பி) ரொக்கரும் (அது தள்ள ஆடும் நெம்புகோல்) திறக்கும். அறுவடைக் காலத்தில் மட்டக்களப்பின் வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து நெல் ஏற்றுகிற வண்டி. மற்ற மாதங்களில் மணலும் செங்கல்லும்.

குறை, ஓட்டுநரின் வாயால்: “பதுளை வீதியால லோட்டோட போகக்குள்ள ஏத்தத்தில ஒயில் லைட் பத்திச்சு. மூணு லீற்றர் ஊத்தினன், லைட் அணைஞ்சிட்டு. ஆனா அண்டையில இருந்து நிண்ட இடத்தில நடுங்குது, இழுவை இல்ல, வெள்ளப் புகை. நொசில் நாலையும் கழட்டிச் செக் பண்ணியாச்சு, ஒண்டும் இல்ல.” கதவைச் சாத்தும்போது இன்னொன்றும் சொன்னார்: பிரேக் பெடல் கொஞ்சம் கல்லு மாதிரி இருக்குதாம். அந்தக் கடைசி வரியைத் தனியாக எழுதி வைத்தது பிறகு உதவியது.

இப்படி வருகிற வண்டியில் எல்லோருக்கும் முதலில் வரும் சொல் “பெயரிங் போச்சு” என்பதுதான். பெயரிங் போனால் என்ஜின் இடிக்கும். ஆனால் நாலு சிலிண்டரும் எரிந்துகொண்டே இடிக்கும். நடுக்கமும் வெள்ளைப் புகையும் ஒரு சிலிண்டர் எரியவில்லை என்பதற்கான அடையாளம். இரண்டையும் ஒரே குறையாக எண்ணித் தேடினால், கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் பிரதான தண்டு) லேத்துக்கு அனுப்பி, எல்லாம் மாற்றி, பூட்டின பிறகும் வண்டி நடுங்கும்.

ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்

“ஸ்டார்ட் பண்ணிக் காட்டட்டா?” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பெயரிங் செல் (கிராங்கைச் சுற்றிவரும் அரைவட்டத் தகடு) ஒன்று உண்மையிலேயே சுற்றியிருந்தால், அந்த அரை நிமிடத்தில் கிராங் 0.25 மி.மீ. அளவில் தீட்டினால் போதும் என்ற நிலையிலிருந்து 0.50 கேட்கும் நிலைக்குப் போய்விடும்.

முதலில் டிப்ஸ்டிக். அளவு இரண்டு குறிக்கும் நடுவில். மூன்று லீற்றர் ஊற்றி நாலு நாள் ஓடியும் அளவு அசையவில்லை என்பதில் ஓட்டுநருக்குத் திருப்தி. அந்தத் திருப்திதான் ஆபத்தானது. முதலில் அவ்வளவு ஒயிலைக் குடித்த என்ஜின், திருத்தாமலே திடீரென்று குடிப்பதை நிறுத்தாது. அளவு அசையவில்லை என்றால் போனதற்குப் பதிலாக வேறு ஏதோ உள்ளே வந்திருக்கிறது. டீசல் அல்லது தண்ணீர், இரண்டில் ஒன்று.

டிப்ஸ்டிக்கின் நுனியை விரல்களுக்கிடையில் தேய்த்தால் ஒயில் வழுவழுவென்று இழையாமல் தண்ணிபோல் ஓடியது. மூக்கிலும் டீசல். உறுதிக்கு, செய்தித்தாளில் ஒரு சொட்டு விட்டு அரை மணி நேரம் வைத்தோம். நடுவில் கறுப்பு, அதைச் சுற்றி அகலமான வெளிர் எண்ணெய் வளையம். டீசல் கலந்தால் அந்த வெளி வளையம் வழக்கத்தைவிடத் தூரம் பரவும்.

தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி: வண்டியை இரவு முழுக்க அசையாமல் விட்டு, காலையில் ஸம்ப் (என்ஜினின் அடியில் ஒயில் தங்கும் தொட்டி) நட்டைக் கழற்றி முதலில் வரும் அரைக் கோப்பையைத் தெளிந்த போத்தலில் தனியாகப் பிடியுங்கள். தண்ணீர் பாரம், அடியில் நிற்கும், முதலில் வரும். மார்கழி, தை வெள்ளத்தில் தாம்போதி (வெள்ளம் மேலால் பாயும் தாழ்ந்த பாலம்) தாண்டி ஓடிய வண்டிகளுக்கு இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். என்ஜின் காற்றுவிடும் மூச்சுக்குழாய் வழியாகவும் டிப்ஸ்டிக் குழாய் வழியாகவும் ஏறிய தண்ணீரை ஹெட் கஸ்கட் போனதாக எண்ணி ஹெட்டையே கழற்றியவர்கள் உண்டு. இந்த வண்டியில் தண்ணீர் இல்லை. ரேடியேட்டர் நீரிலும் எண்ணெய்ப் படலம் இல்லை.

மிச்சத்தை அளவு வாளியில் வடித்தால் 5 லீற்றர். அதில் 3 லீற்றர் ஓட்டுநர் ஊற்றியது. போனதும் வந்ததும் சமன் என்று வைத்தால், லைட் பத்தியபோது உள்ளே இருந்தது ஏறக்குறைய 2 லீற்றர். இந்த என்ஜினுக்குப் பில்ட்டரோடு சேர்த்து 6 லீற்றர் அளவில் வேண்டும் (ஸம்ப்பின் வடிவத்தைப் பொறுத்து மாறும், டிப்ஸ்டிக்தான் கணக்கு). 2 லீற்றரில் சமதரையில் எப்படியோ ஓடும். ஏற்றத்தில் ஒயில் பின்னால் சாய, உறிஞ்சும் வலை காற்றை இழுக்கும். சமதரையான கல்முனை வீதியில் பத்தாத லைட், பதுளை வீதியில் ஏற்றமுள்ள மகா ஓயாப் பக்கம் பத்துவது அதனால்தான்.

இன்னொரு தவறான நம்பிக்கை: லைட் அணைந்தால் பிரஷர் சரி என்பது. அந்த சுவிட்ச் 5 பீ.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற பிரஷர் அளவு) அளவில் வேலை செய்வது. 8 பீ.எஸ்.ஐ.யில் லைட் அணைந்திருக்கும், பெயரிங் தேய்ந்துகொண்டிருக்கும்.

பில்ட்டரை வெட்டிப் பார்த்தது

பழைய பில்ட்டரை எறியாமல் வெட்ட வேண்டும். ஹக்சோவால் அறுத்தால் அறுத்த இரும்புத்தூளே உள்ளே விழுந்து, பிறகு அது என்ஜினிலிருந்து வந்ததா வாளிலிருந்து வந்ததா என்று தெரியாது. குழாய் வெட்டும் கட்டரின் பெரிய அளவு கிடைத்தால் அது. இல்லையேல் விளிம்பு மடிப்பை உளியால் சுற்றிவரத் திறக்கலாம். உள்ளே இருக்கும் மடிப்புக் கடதாசியைக் கத்தியால் வெட்டி, விரித்து, வெள்ளைத் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி அலசி, வெயிலில் சாய்த்துப் பாருங்கள்.

மாவுபோன்ற சாம்பல் நிறப் பளபளப்பு, காந்தத்தில் ஒட்டாதது: பெயரிங் செல்லின் மேற்பூச்சு. செம்பு நிறச் செதில்: மேற்பூச்சு போய் அடிப்படலம் தேய்கிறது. காந்தத்தில் மீசைபோல் ஒட்டுவது இரும்பு: ரிங், கெம், ரொக்கர், கியர், கிராங். கறுத்து நொறுங்கும் துகள் வெறும் கரி.

இந்த பில்ட்டரில் சாம்பல் பளபளப்பு கொஞ்சம், செம்புச் செதில் நாலைந்து, காந்தத்தில் சிறிது. செம்பு ஒரு தேக்கரண்டி அளவுக்கு இருந்திருந்தால் ஸ்டார்ட் பண்ணும் பேச்சே இல்லை, நேரே ஸம்ப்பை இறக்கியிருக்க வேண்டும். இந்த அளவுக்கு, புது பில்ட்டரும் சாதாரண 15டபிள்யூ-40 ஒயிலும் போட்டு, பத்து நிமிடம் சுமையில்லாமல் ஓட்டிச் சோதிக்கலாம். இது சோதனைக்கான ஒயில், எப்படியும் வடிக்கப் போவது. விலை கூடியது வேண்டாம்.

கேஜ் பூட்டியது

டாஷ்போர்ட் லைட்டை நம்பாமல், ஒயில் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் நேரடிக் கேஜ். இங்கே ஒரு சின்னப் பொறி உண்டு. ஜப்பான் என்ஜின்களில் இந்தத் துளை பெரும்பாலும் 1/8 அங்குல பீ.ரீ. மரை, அங்குலத்துக்கு 28 சுற்று. கடையில் கிடைக்கும் கேஜ் செட் பலவற்றில் வருவது 1/8 என்.பி.ரீ., அங்குலத்துக்கு 27. முதல் இரண்டு சுற்று அழகாக ஏறும். பிறகு இறுகும். “இறுக்கமாத்தான் இருக்கு” என்று ஸ்பனரைப் போட்டால் பிளாக்கின் மரை போய்விடும். கையால் நாலு சுற்று ஏறாத எதையும் ஏற்றக் கூடாது.

அளவுகள்: குளிரில் ஐட்லிங் 50 பீ.எஸ்.ஐ. சூடான பிறகு ஐட்லிங் 18, 2000 சுற்றில் 42. ஆயிரம் சுற்றுக்குப் பத்து பீ.எஸ்.ஐ. என்ற பொதுக் கணக்கில் பார்த்தால் பாஸ். பம்ப் நல்லது. அடியில் எங்கோ லேசான தேய்வு உண்டு, ஆனால் வாய் பிளந்த பெயரிங் இல்லை.

சத்தம் இரண்டு. மேலே தையல் மெசின்போல் ‘டிக் டிக்’. கீழே, அக்சிலேட்டரை விட்டு இறங்கும் நொடியில் மட்டும், கனமான இரட்டைத் தட்டு. நீளமான ஸ்குரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து நுனியை வால்வுக் கவர், பிளாக், ஸம்ப் விளிம்பு என்று வரிசையாக வைத்தால் இரண்டும் வேறுவேறு இடத்துச் சத்தம் என்பது தெளிவாகப் பிரியும். மேல்சத்தம் கிராங் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை.

பைப்பைத் தளர்த்தும் சோதனை

ஐட்லிங்கில், நொசிலுக்குப் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிப்பது) போகும் டீசல் பைப்பின் நட்டை ஒன்றன்பின் ஒன்றாக அரைச் சுற்றுத் தளர்த்தி, காது கொடுத்து, திரும்ப இறுக்குவது. வேலை செய்யும் சிலிண்டர் என்றால் என்ஜின் விழும். செத்த சிலிண்டர் என்றால் எதுவுமே மாறாது. நட்டைச் சுற்றிப் பழந்துணி வையுங்கள், விரலை வைக்காதீர்கள். அந்தப் பைப்பிலிருந்து பீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தினதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும், ஆனால் விரலை இழக்கும் அளவுக்குப் போகக்கூடியது. அப்படி நடந்தால் கராஜ் வைத்தியம் இல்லை, நேரே ஆஸ்பத்திரி.

1: விழுந்தது. 2: விழுந்தது. 3: ஒரு மாற்றமும் இல்லை. 4: விழுந்தது, கூடவே அக்சிலேட்டரை விடும்போது வரும் கீழ்த்தட்டும் குறைந்தது.

ஆக நடுக்கம் மூன்றாம் சிலிண்டரில், தட்டு நாலாம் சிலிண்டரில். ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும்: பைப்பைத் தளர்த்தியதும் சத்தம் குறைந்தால் உடனே பெயரிங் என்று எழுதக் கூடாது. நொசில் ஒழுகி வரும் டீசல் தட்டும் அதேபோல் குறையும். நொசில்கள் ஏற்கெனவே பார்த்தவை என்பதாலும், தட்டு அக்சிலேட்டரை விடும்போதுதான் வருகிறது என்பதாலும் பெயரிங் பக்கம் சாய்ந்தது. உறுதி ஸம்ப் இறங்கிய பிறகுதான்.

கொம்பிரஷன்

நாலு ஹீட்டர் பிளக்கையும் கழற்றி, டீசலை நிறுத்தும் சொலினொய்ட் வயரைக் கழற்றி, பற்றரி நிறைந்திருக்க, ஒவ்வொரு துளையிலும் கேஜைப் பூட்டி ஏழெட்டு முறை அமுக்கும் வரை ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். 200 சுற்றுக்குக் குறைந்து சுழன்றால் அளவு பொய். நல்ல 4ஜேபி1-இல் சதுர சென்ரிமீற்றருக்கு 31 கிலோ அளவில் வரும், 22 எல்லை.

வந்தது: 28, 27, 2, 27.

மூன்றாம் சிலிண்டரில் 2. ரிங் தேய்ந்தோ வால்வு கசிந்தோ வரும் அளவு இதுவல்ல. அவை 15, 18 என்று வரும். ஓட்டுநர் முகம் வாடிவிட்டது, பிஸ்டன் ஓட்டை என்று நினைத்தார். ஓட்டையாக இருந்தால் மூச்சுக்குழாயில் புகை பீறியிருக்கும், ஒயில் மூடியைத் திறந்தால் ஊதியிருக்கும். இரண்டும் இல்லை.

வழக்கமாக அடுத்துச் செய்வது, அளவு ஏறினால் ரிங் தேய்வு என்று அறிய, சிலிண்டருக்குள் ஒயில் ஊற்றிச் சோதிப்பது. பெற்றோல் என்ஜினில் பழகிய கையோடு டீசலில் அரைக் கோப்பை ஊற்றுகிறவர்கள் உண்டு. இந்த என்ஜினின் ஒரு சிலிண்டர் 693 சீ.சீ. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சம் இருக்கும் இடம் 40 சீ.சீ. அளவுதான். அதில் 30 சீ.சீ. ஒயில் நின்றால் கொன் ரொட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) வளையும். ஒரு தேக்கரண்டி, 5 சீ.சீ., அதற்கு மேல் இல்லை. அந்த 5 சீ.சீ.யே இடத்தைக் குறைப்பதால் நல்ல சிலிண்டரிலும் அளவு கொஞ்சம் ஏறும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். இங்கே 2 என்பது 3 ஆனது. ரிங் இல்லை.

அமுக்குவதற்குக் காற்று உள்ளே வந்தால்தானே அமுக்கும்? இன்லெட் வால்வு திறக்காவிட்டால் பிஸ்டன் வெறுமையை இழுத்து வெறுமையைத்தான் தள்ளும். எக்சோஸ்ட் வால்வு திறக்காமல் போயிருந்தால் கதை மாறும்: கொம்பிரஷன் நன்றாகவே காட்டும், ஆனால் எரிந்த புகை வெளியேற வழியின்றி இன்லெட் பக்கமாகத் திரும்பி, எயார் கிளீனருக்குள் இருமும். இந்த வண்டியில் இருமல் இல்லை.

வால்வுக் கவரைக் கழற்றியபோது

மூன்றாம் சிலிண்டர் இன்லெட் ரொக்கர், கையால் ஆட்டினால் அசையவே இல்லை. அது ஆடும் சாஃப்ட்டோடு (ரொக்கர்களைத் தாங்கும் துளைத் தண்டு) ஒட்டிவிட்டது. அதன் புஷ் ரொட் வளைந்து, ரொக்கரின் கிண்ணத்தை விட்டு நழுவிச் சாய்ந்து கிடந்தது. சாஃப்ட்டில் அந்த இடம் மட்டும் நீலமும் பழுப்புமாக எரிந்த நிறம்.

ஒயில் பம்ப்பிலிருந்து பில்ட்டர், பிளாக்கின் பிரதான வழி, மெயின் பெயரிங் (கிராங்கைப் பிளாக்கில் தாங்குவது), கிராங்கின் துளை வழியே பிக் எண்ட் (கொன் ரொட்டின் கீழ்முனைப் பெயரிங்) என்று போய், மிஞ்சிய பிரஷரில்தான் ஹெட்டுக்கு ஏறி ரொக்கர் சாஃப்ட்டை நிரப்பும். பந்தியில் கடைசி இலை ரொக்கருக்கு. ஒயில் குறைந்து பம்ப் காற்றை இழுக்கும்போது முதலில் காய்வது இந்த இடம். எட்டு ரொக்கரில் இது மட்டும் ஏன்? சாஃப்ட்டைக் கழற்றி ஊதிப் பார்த்ததில், இந்த ரொக்கருக்கு நேரே உள்ள துளை கறுத்த களியால் பாதிக்கு மேல் அடைபட்டிருந்தது. மற்ற ஏழுக்கும் கிடைத்த சொட்டு இதற்குக் கிடைக்கவில்லை.

டீசல் எப்படி ஒயிலுக்குள் வந்தது என்பதும் இங்கேயே முடிந்தது. பம்ப்புக்குத் தெரியாது சிலிண்டர் செத்தது. அது தன் பங்கைத் தெளித்துக்கொண்டே இருக்கும். காற்றில்லாத சிலிண்டரில் எரியாத டீசலில் பெரும்பகுதி வெள்ளைப் புகையாக சைலன்சரால் போனது. மிச்சம் சுவரைக் கழுவி, ரிங்கைத் தாண்டி, ஸம்ப்புக்கு இறங்கியது. வெளியே போன ஒயிலின் இடத்தை அதுதான் நிரப்பி, டிப்ஸ்டிக்கில் ‘சரியாக’ நின்றது. நாலாம் பெயரிங்குக்குக் கிடைத்ததும் இந்தத் தண்ணி ஒயில்தான்.

மேலே செய்த வேலை: ரொக்கர் சாஃப்ட் புதிது, மூன்றாம் இன்லெட் ரொக்கர் புதிது, புஷ் ரொட் புதிது. மற்ற ஏழு புஷ் ரொட்டையும் கண்ணாடித் தட்டில் உருட்டி, அடியில் 0.3 மி.மீ. பீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்த்ததில் இன்னொன்றும் வளைவு, அதுவும் மாறியது. வால்வு இறுகிவிட்டதா என்று சுத்தியலின் மரப்பிடியால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்க்க வேண்டும். நன்றாக இறங்கி ஏறியது. புஷ் ரொட்டைத் தூக்கும் கெம் தேய்ந்திருக்கிறதா என்பதைக் கழற்றாமலே அறியலாம்: புஷ் ரொட்டின் தலையில் டயல் கேஜை வைத்து என்ஜினைக் கையால் சுற்றி, எட்டின் உயர்வையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் குறைவாக எழுந்தால் கெம் அல்லது டப்பட் (கெம்முக்கும் புஷ் ரொட்டுக்கும் நடுவில் உள்ளது) போயிருக்கிறது, அப்போது வேலை வேறு அளவுக்குப் போகும். இங்கே இன்லெட் நாலும் ஒரே உயர்வு, எக்சோஸ்ட் நாலும் ஒரே உயர்வு.

சாஃப்ட்டைத் திருப்பிப் பூட்டினால் துளைகள் தவறிய பக்கம் பார்க்கும், புதுச் சாமானும் காயும். கழற்றுமுன் முன்முனையில் குறி போட்டுவைத்து, புதியதன் துளைகளைப் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பூட்ட வேண்டும். தாங்கி போல்ட்டுகள் 5.5 கிலோகிராம்-மீற்றர் டொர்க் (இறுக்கும் விசை), நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று தவணையில். வால்வு ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும் நிலையில் ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கினால் சாஃப்ட் வளையும்.

டப்பட் இடைவெளி (ரொக்கருக்கும் வால்வுக்கும் நடுவே), குளிர்ந்த என்ஜினில், இன்லெட் எக்சோஸ்ட் இரண்டுக்கும் 0.40 மி.மீ. கிராங்கின் முன்முனைப் புல்லியில் உள்ள குறியை நேருக்குக் கொண்டுவந்து, முதல் சிலிண்டரின் இரண்டு ரொக்கரும் தளர்வாக இருக்கிறதா பாருங்கள். தளர்வு என்றால் 1-இன் இரண்டும், 2-இன் இன்லெட்டும், 3-இன் எக்சோஸ்ட்டும் பிடிக்கலாம். ஒரு முழுச் சுற்று விட்டு 2-இன் எக்சோஸ்ட், 3-இன் இன்லெட், 4-இன் இரண்டும். எரியும் வரிசை 1-3-4-2 என்பதால் இந்தக் கணக்கு. 0.40 பீலர் வெண்ணெயில் கத்திபோலப் போகாமல் லேசாகப் பிடித்து இழுபட வேண்டும்.

கீழே

முன் அச்சு இடம் விடாவிட்டால் மவுண்டிங்கைத் தளர்த்தி என்ஜினை ஜக்கில் கொஞ்சம் தூக்க வேண்டியிருக்கும். ஜக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காமல் கட்டை வையுங்கள்.

ஸம்ப் இறங்கியதும் கண்ணில் பட்டது உறிஞ்சும் வலையில் நூல்நூலாகத் தொங்கிய சிலிக்கன். எப்போதோ யாரோ கஸ்கட்டுக்குப் பதில் சிலிக்கனைத் தாராளமாகப் பிழிந்திருக்கிறார்கள். வெளியே பிதுங்கிய அளவு சிலிக்கன் உள்ளேயும் பிதுங்கும், சூட்டில் கழன்று வலைக்குப் போகும். 3 மி.மீ. தடிப்பில் ஒரு கோடு, போல்ட் துளைக்கு உள்பக்கமாக. அது போதும்.

நாலாம் கொன் ரொட் மூடியைக் கழற்றி, பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் நூல்) வைத்து, 8.5 கிலோகிராம்-மீற்றருக்கு இறுக்கி, கிராங்கைச் சுற்றாமல் திரும்பக் கழற்றிப் பார்த்தால் 0.09 மி.மீ. எல்லை 0.10. மற்ற மூன்றும் 0.06. நாலாவதின் மேல் செல் மங்கிச் சாம்பலாகி, ஒரு ஓரத்தில் செம்பு எட்டிப் பார்த்தது. எரியும் அடி மேல் செல்லில்தான் விழும், ஆகவே கீழ்ச் செல்லை மட்டும் பார்த்து நல்லது என்று மூடக் கூடாது. மெயின் பெயரிங்கில் இது தலைகீழ், அங்கே கீழ்ச் செல் தேயும்.

லேத்துக்குப் போகலாமா என்பதைக் கிராங்தான் சொல்லும். நகத்தைக் குறுக்கே இழுத்தால் எங்கும் மாட்டவில்லை. மைக்ரோமீற்றரில் நாலு இடத்தில் எடுத்த அளவும் 0.02-க்குள். தீட்டத் தேவையில்லை. நாலு பிக் எண்டுக்கும் ஸ்டாண்டர்ட் செல் புதிது. நகம் மாட்டியிருந்தால், எமெரிக் கடதாசியால் தேய்த்து ஸ்டாண்டர்ட் செல்லைப் போடும் குறுக்குவழி சில நூறு கிலோமீற்றர்தான் தாங்கும், கழற்றி 0.25-க்குத் தீட்டுவதே வழி. மெயினில் ஒவ்வொரு மூடியாகக் கழற்றிப் பார்த்து (எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்ற வேண்டாம்) அப்படியே 17 கிலோகிராம்-மீற்றருக்கு இறுக்கியது. கிராங்கின் முன்பின் ஆட்டம் 0.15, எல்லை 0.30. கொன் ரொட் மூடிகளில் இலக்கங்கள் ஒரே பக்கம் வர வேண்டும்; மூடி மாறினாலோ திரும்பினாலோ டொர்க் சரியாக இருந்தும் கிராங் பிடிக்கும்.

ஒயில் எங்கே போனது

“கீழ ஒரு சொட்டும் ஒழுகல்ல, புகையும் நீலமில்ல, பிறகு ஒயில் எங்க போகுது?” நியாயமான கேள்வி. விடை அந்தக் கல்லான பிரேக் பெடலில் இருந்தது.

இந்த எல்ஃப்பில் பிரேக்குக்கு வெற்றிடம் தரும் பம்ப் ஒல்டர்னேட்டரின் பின்னால் பூட்டியது. அதற்கு என்ஜின் ஒயிலே மசகு. பிளாக்கிலிருந்து மெல்லிய ஹோஸ் ஒன்று பிரஷரோடு ஒயிலைக் கொடுக்கும், தடித்த ஹோஸ் ஒன்று ஸம்ப்புக்குத் திருப்பி இறக்கும். மெல்லிய ஹோஸ் கிளிப்புக்கு அருகே வெடித்து ஊசித் துளை. என்ஜின் ஓடும்போது மட்டும் பீறும், நின்றதும் நிற்கும். அதனால் இரவில் நிறுத்தின இடத்தில் சொட்டு இல்லை. விசிறிக் காற்று அந்தப் பீறலைச் செஸியில் பின்னோக்கி அடிக்க, கிரவல் வீதிப் புழுதி அதில் படிந்து தோசை மாவுபோல் ஒட்டியிருந்தது. அந்தக் களி எங்கே தொடங்குகிறது என்று பின்னிருந்து முன்னாகத் தேடினால் ஒல்டர்னேட்டரில் போய் நிற்கும். கழுவித் துடைத்து, முகப் பவுடர் தூவி, ஐந்து நிமிடம் ஓட்டினால் ஈரக் கோடு இடத்தைக் காட்டிவிடும். ஒயில் ஒழுங்காகப் போகாத பம்ப் வெற்றிடத்தைச் சரியாக இழுக்காது, பெடல் கல்லாகும்.

சாதாரண டீசல் ஹோஸோ தண்ணீர் ஹோஸோ இங்கே போடக் கூடாது, சூடான ஒயிலில் ஊறி மாதக்கணக்கில் திரும்பவும் வெடிக்கும். அறுவடை மெசினுக்கும் டிரக்டருக்கும் ஹைட்ரோலிக் ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கடையில் பழையதைக் கொடுத்து அதே நீளத்துக்கு இரண்டு முனையும் பிரஸ் பண்ணி எடுத்தது நின்றது. எக்சோஸ்ட்டுக்கு அருகே போகாமல் கட்டியது.

ஒழுக்கை நிறுத்த இந்த ஹோஸின் வாயில் போல்ட்டை இறுக்கி அடைத்து ஓடுகிற வண்டிகளும் வரும். பம்ப்பின் தகடுகள் காய்ந்து இறுகும், ஒல்டர்னேட்டர் சாஃப்ட் போகும், எல்லாவற்றுக்கும் மேலாக நெல் மூட்டையோடு பிரேக் உதவி இல்லாமல் நிற்க வேண்டி வரும். ஒயிலை மிச்சம் பிடிக்க அது வழியல்ல.

திரும்ப ஓட்டியது

புது பில்ட்டரில் ஒயிலை நிரப்பிப் பூட்டி, ஸம்ப்புக்கு ஊற்றி, சொலினொய்ட் வயரைப் பூட்டாமல் ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து நொடியாகச் சுற்றினால் கேஜ் முள் எழும்ப வேண்டும். நாலாவது தவணையில் எழும்பியது. வால்வுக் கவர் பூட்டுமுன் எட்டு ரொக்கரிலும் ஒயில் ஊறுகிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்த பிறகே வயரைப் பூட்டியது. தளர்த்தின டீசல் பைப்புகளில் காற்று இருப்பதால் முதல் ஸ்டார்ட் இழுக்கும், பதற வேண்டாம்.

ஓடியதும் மூன்றாம் பைப்பைத் தளர்த்தினால் என்ஜின் விழுந்தது. மேல் ‘டிக்’கும் கீழ்த்தட்டும் இல்லை. சூட்டில் ஐட்லிங் 24 பீ.எஸ்.ஐ., 2000-இல் 50. வெள்ளைப் புகை கால் மணி நேரம் தொடர்ந்தது, சைலன்சரில் தேங்கின டீசல் எரிந்து முடியும் வரை. மூன்றாம் சிலிண்டரின் கொம்பிரஷன் 25. டீசல் கழுவின சுவர், மற்றவற்றைவிட இரண்டு மூன்று குறைவு; எல்லைக்கு மேலேதான் நிற்கிறது.

முதல் 500 கிலோமீற்றர் அரைச் சுமை. அதன்பின் ஒயிலையும் பில்ட்டரையும் மாற்றி, அந்த பில்ட்டரையும் வெட்டிப் பார்த்ததில் செம்பு இல்லை, சாம்பல் மினுக்கம் சொற்பம். டிப்ஸ்டிக் 4 மி.மீ. இறங்கியிருந்தது. மூன்றாம் சிலிண்டரின் அளவு 26-க்கு ஏறியது. ஹோஸின் இரண்டு முனையிலும் காய்ந்த கை வைத்தால் கை காய்ந்தபடியே.